சுவரோரப் பெஞ்சு

வயலெல்லாம் வீடாகிப்போன அந்த ஊரில் பள்ளிக்கூடம் மட்டும் வளரவே இல்லை. புதுக் கட்டடத்துக்கு வீட்டுக்கு வீடு நிதி கேட்டு இரண்டாம் வகுப்பறையில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். சல்லிக்காசு தருவதில்லை என்ற முடிவோடு உள்ளே நுழைந்த மணிமாறனைக் கூட்டம் நெட்டித் தள்ளியதில், சுவரோரப் பெஞ்சில் போய் விழுந்தார். மூன்று குழந்தைகளுக்கென்று செய்த பெஞ்சு. அவரையடுத்து இன்னும் ஐந்து பேர் வந்து அமர்ந்தார்கள். நிதிக்கு முதல் ஆளாகச் சம்மதித்த சேவியரின் தொந்தி, மணிமாறனைச் சுவரோடு சேர்த்து அப்பியது.

“நிதி வேண்டாங்கறவங்க எந்திரிச்சு நில்லுங்க. மணி அடிக்கிற வரைக்கும் பாப்பேன். யாரும் நிக்கலைன்னா எல்லாருக்கும் சம்மதம்தான்” என்றார் தலைமையாசிரியை பிலோமினா.

மணிமாறன் எம்பினார். பெஞ்சு முனகியது. அறை முழுக்கப் பெஞ்சுகள் முனகின. ஒரு தலைகூட உயரவில்லை.

“டீச்சர், நான் எந்திரிச்சிட்டுத்தான் இருக்கேன்!” என்று கத்தினார்.

“தெரியலையே சார்” என்றார் பிலோமினா.

மதிய வகுப்புக்கு வந்த சிறுமி ஒருத்தி தன் வழக்கமான இடத்தில், அதாவது மணிமாறனின் மடியில், ஏறி உட்கார்ந்தாள்.

“சும்மா எம்பாதீங்க மாமா. ஆறு பேரும் ஒண்ணா மூச்ச வெளிய விடணும். நாங்க அப்படித்தான் எந்திரிப்போம்.”

மணிமாறன் நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தார். சேவியர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.