மூலையில் ஒரு மஞ்சள் வாளி

பறக்கும் வீரன் மூன்று படங்களில் பறந்துவிட்டான். மூன்றிலும் அவனுடைய ரகசியக் குகையின் மூலையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளி! எதற்கு? இணையத்து ரசிகர் குழுவில் தினமும் அடிதடி. முன்வரிசையில் நின்றவர், ‘வாளிதாசன்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒருவர்.

“டீ ஆறுதுங்க,” என்றாள் மனைவி.

“இரும்மா. பதினோரு மணிக்குள்ள விடை தெரியலேன்னா என் மானம் கப்பலேறிடும்!”

வாளிக்குள் வில்லனின் இதயம் என்றார் ஒருவர். ‘அரைச்ச மாவு’ என்று தட்டிவிட்டார் வாளிதாசன். வேற்றுக்கிரக முட்டை என்றார் இன்னொருவர். ‘வேற யோசிங்கப்பா!’ என்று கெஞ்சினார்.

பத்தே முக்காலுக்கு, டியூட்டி முடித்து வந்த ஒரு நர்ஸ் எழுதினார்: ‘வாளிக்குள்ள இருக்கிறது வீரனோட நிழல். அவன் பறக்கும்போது தரையில நிழலே விழல, கவனிச்சீங்களா?’

வாளிதாசன் துள்ளி எழுந்தார். மனைவியின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கையோடு போன் போட்டார்.

“தயாரிப்பாளர் சார், நீங்க கேட்ட மாதிரி பதினோரு மணிக்குள்ள நாலாம் பாகத்துக்குக் கதை ரெடி! அந்த வாளியை நான் எதுக்கு வெச்சேன்னு நேர்லயே வந்து சொல்றேன்!”

போனை வைத்ததும் மனைவி கேட்டாள், “நிஜமா எதுக்குங்க வெச்சீங்க?”

“மூணு படத்துக்கும் ஒரே செட்டு. கூரை ஒழுகுச்சும்மா.”

“அப்போ நிழல்?”

“அடடா, அது கிராஃபிக்ஸ்காரங்க மறந்தது!”