திருகை ஆசனம்

"அண்ணே, கேப்பையா திரிக்கிறீங்க?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற டீக்கடை நாகராசுவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பஞ்சாயத்து பிரசிடென்ட் முத்துராமன், சோடா பாட்டிலைக்கூட அடுத்தவரை உடைத்துத் தரச் சொல்லும் மனிதர், விடிந்தும் விடியாமலும் திருகைக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. கல் சுற்றச் சுற்ற மூச்சைப் புஸ் புஸ்ஸென்று விட்டார்.

"திரிக்கலை தம்பி. ஆசனம் பண்றேன்."

"மாவு விழுகுதே அண்ணே?"

"அது பாட்டுக்கு விழுகும். நாம கவனத்தை மூச்சுல வைக்கணும்."

அவருடைய தாயார் அழகி பக்கத்திலேயே காவல் இருந்தாள். "பேச்சுக் குடுக்காத நாகராசு. மூச்சு கலைஞ்சா வாயு மேல ஏறிக்குமாம்."

விவரத்தையும் அவளே சொன்னாள். கொஞ்ச நாளாக மகனுக்கு வாயுத் தொல்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஏப்பம், எழுந்தால் ஏப்பம். கீரனூர் ஆசன வாத்தியார் ஆண்டிச்சாமியிடம் போனார்கள். தையல்காரர் அளவெடுப்பதுபோல நாடி பார்த்து ஆளுக்குத் தனித்தனி ஆசனம் சொல்கிறவர். முத்துராமனுக்குக் காலையில் திருகை, பிறகு கிணற்றில் தண்ணீர் இறைப்பது, சாயங்காலம் உலக்கை.

"மதினிக்கும் தோள்வலின்னாங்களே, பெரியாத்தா?"

"அவளுக்கென்ன, லேசான பிடிப்பு. கையத் தூக்க முடியலைன்னா. அவளுக்குப் படுக்கிற ஆசனம்." அழகி உள்பக்கம் திரும்பி மருமகளுக்குக் குரல் கொடுத்தாள். "ஏ சொர்ணவல்லி, எந்திரிச்சிராத. நீ எந்திரிச்சா இவனுக்குப் பலிக்காதுன்னு வாத்தியார் சொன்னது நெனப்பிருக்கா?"

உள்ளேயிருந்து குறட்டைதான் பதிலாக வந்தது.

அந்த நேரம் பார்த்து முத்துராமன் ஓர் ஏப்பம் விட்டார். வேலியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்து போனது.

"கழியுது, கழியுது" என்று அழகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று டீக்கடையில் டீயைவிட இந்தச் சேதிதான் சூடாக விற்றது. ஊரே சிரித்தது. நாகராசு திருகை சுற்றுவதுபோலவும் ஏப்பம் விடுவதுபோலவும் நடித்தே காட்டினான்.

ஒரு மாதம் போனது. ஆசனம் நிற்கிற வழியாக இல்லை.

ஒருநாள் காலையில் வேலி வழியாக எட்டிப் பார்த்த நாகராசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொர்ணவல்லி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தோள்வலிக்காரி! இந்தப் பக்கம் பிரசிடென்ட் வேர்க்க விறுவிறுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அவனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு நல்ல மனுசனைப் பெண்டாட்டியும் வாத்தியாரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்களே.

கடையை மூடிவிட்டுக் கீரனூருக்கு பஸ் ஏறினான்.

"எனக்கும் வாயுங்கய்யா" என்றான் வாத்தியாரிடம்.

ஆண்டிச்சாமி நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி வயிற்றோடு கட்டிக்கொள்ளச் சொன்னார். நாகராசு கட்டிக்கொண்டான். பலன் உடனே சத்தமாகத் தெரிந்தது.

வாத்தியார் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். "அம்புட்டுத்தான். தினம் இதைச் செய்ங்க, போதும்."

"திருகை, உலக்கையெல்லாம் இல்லீங்களா?"

"வாயுவுக்கு எதுக்குங்க திருகை?" என்று சொன்ன பிறகுதான் வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அது போதும் நாகராசுவுக்கு. சாயங்காலம் கண்மாய்க் கரையில் முத்துராமனைத் தனியாகப் பிடித்தான்.

"அண்ணே, ஒங்களை நல்லா ஏமாத்திட்டாங்க. வாயுவுக்கும் திருகைக்கும் சம்பந்தமே இல்லையாம், அந்த ஆளு வாயாலேயே வந்துருச்சு. மதினிக்கு வலியுமில்ல, ஒண்ணுமில்ல. ரெண்டு கையையும் தூக்கிக் கொண்டை போடுறாங்க, என் கண்ணால பாத்தேன்."

முத்துராமன் சட்டென்று அவன் கையைப் பிடித்தார். "ரெண்டு கையையுமா?"

"ஆமாங்கிறேன்."

"தலைக்கு மேலயா? நல்லாப் பாத்தியா?"

"சாமி சத்தியமா."

பிரசிடென்ட் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாயார் எங்கேயாவது வருகிறாளா என்று கரையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாத தம்பி. அவளுக்குச் சோத்தைப் பிசையக்கூட கை வராம இருந்துச்சு. இப்படியே வேலை பாத்தா அந்தக் கை அம்புட்டுத்தான்னுட்டாரு வாத்தியார். வேலைக்கு ஆள் வைக்கலாம்னா, வெளியாளு திரிச்சதை ஆத்தா சாப்பிடாது. நான் திருகையத் தொட்டா, ஆம்பளை பொம்பளை வேலை பாக்குறதான்னு தூக்குச் சட்டியைத் தூக்கிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிரும். வைத்தியம்னா மட்டும் வாயைத் தொறக்காது. அதான் வாத்தியார் கையைக் காலைப் பிடிச்சு நானே அப்படிச் சொல்லச் சொன்னேன்."

கடையில் நடித்துக் காட்டியது நினைவுக்கு வந்து நாகராசுவை என்னவோ செய்தது.

"அப்ப ஒங்க வாயு, அண்ணே?"

"எனக்கேதுப்பா வாயு? அந்த ஏப்பத்தை விடப் பழகுறதுக்குள்ளதான் நெசமாவே வயித்து வலி வந்துருச்சு."