மாத்திரையும் தண்ணீரும்

சற்குணம், மென்பொருள்போலச் சேமித்து வைத்த தன் மனதின் பழைய பதிப்பில் வாழ்கிறார். மகள் இளவேனி இறப்பதற்கு முந்தைய பதிப்பு அது. அதிலேயே இருந்துவிடுகிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படிப்பட்டவர்களுக்கு இன்றைய திருத்தங்களில் அவசியமானதை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. புது வீட்டுக்கு வழி, மாறிப்போன பஸ் நம்பர், இப்படி.

இந்த முறை ஒரு மாத்திரை.

"மதியம் சாப்பிட்டதும் குடுக்கறேன் தம்பி. எதுக்குன்னு கேட்டுத் துப்பிடறாரு," என்றார் அவர் மனைவி பவளம். "அதை வாங்கிப் போட்டுக்கற பழக்கத்த மட்டும் சேர்த்து விடு."

சேர்த்தேன். புது வரி பழையதோடு மோதியது. சாப்பிட்டு முடித்த அதே நொடியில் பழைய பதிப்பில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது: இளவேனி தண்ணீர் தருகிறாள். புது வரியில் பவளம் மாத்திரை தருகிறார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும் என்பது விதி. எந்த மடையன் போட்டானோ. நான் இரண்டையும் வைத்தேன்; பவளத்திடமும் அதைச் சொன்னேன்.

மறுநாள் மதியம் நான் பார்த்திருக்க, பவளம் நீட்டிய மாத்திரையைச் சற்குணம் எதற்கென்று கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு யாருமில்லாத பக்கம் கையை நீட்டி, எதையோ வாங்கி, அண்ணாந்து குடித்தார்.

"போதும்மா," என்றார் அந்தப் பக்கம் பார்த்து. அவர் மீசை நனைந்திருந்தது.

பவளம் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னருகில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தப் பழைய வரிய எனக்கும் போட்டு விடறியா?"