இன்னும் கீழே ஒரு சத்தம்

கடைக்குள் முதலில் வந்தது அழுகைதான். அதற்குப் பின்னால்தான் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள்.

குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. அம்மாவின் மார்போடு துணியில் கட்டப்பட்டு, முகமெல்லாம் சிவந்து, ஊரையே கூட்டிக்கொண்டிருந்தது.

சுவரில் மாட்டியிருந்த கிடார்கள் எல்லாம் சேர்ந்து மெல்ல முனகின. இசைக்கருவிக் கடையில் இதுதான் தொல்லை. ஒருவர் கத்தினால் எல்லாமே கூடச் சேர்ந்து பாடும்.

"உகுலேலே வேணும்," என்றாள் அம்மா, அழுகைக்கு மேலே குரலை ஏற்றி.

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. அழுகிற குழந்தை, தூக்கம் கெட்ட பெற்றோர். எத்தனை பேரைப் பார்த்தாயிற்று! கிடாரின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும் உகுலேலேக்களில் இருப்பதிலேயே சின்னதை எடுத்துக் கிணுகிணுவென்று மீட்டினேன்.

குழந்தை ஒரு கணம் நிறுத்தியது. மூச்சு வாங்கிக்கொள்ளத்தான்.

"இது இல்லைங்க. சுருதி இன்னும் கீழ."

அடுத்த அளவை எடுத்தேன். தலையை ஆட்டினாள். அதற்கடுத்தது. "இன்னும் கீழ."

"விட்டா பாதாளத்துக்கே போயிடுவா சார்," என்றார் கணவர். தோளில் பை, கையில் பால் புட்டி, கக்கத்தில் குடை. கண்ணுக்குக் கீழே மை தடவியது போல ஒரு கருப்பு.

அவள் சிரிக்கவில்லை. "ரொம்பக் கீழ்ச் சுருதியில பேசற பேஸ் உகுலேலேன்னு ஒண்ணு இருக்காமே. அதுதான் வேணும்."

கண்ணாடி அலமாரியைத் திறந்து எடுத்து வந்தேன். இதைப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். இடுப்பில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் உடம்பு. உலோகக் கம்பி கிடையாது. ரப்பர் கயிறு மாதிரி கொழுகொழுவென்று நாலு தந்திகள். விளையாட்டுச் சாமான் என்றுதான் தோன்றும்.

"ஆள் உயரத்துக்கு நிறுத்தி வாசிப்பாங்களே, அந்தப் பெரிய பேஸோட சுருதிதானே இது?"

"அதே நாலு தந்தி, அதே சுருதிம்மா. ஆள்தான் குள்ளம்."

"அந்தப் பெரிசை வீட்டுக்குள்ள நிறுத்துனா நாங்க வாசல்லதான் நிக்கணும்," என்றார் கணவர். "பாப்பாவுக்கு அந்த வாசிப்பைப் போன்லயும் போட்டுக் காட்டிட்டோம். அந்த அடிச்சத்தம் போன்ல வரவே மாட்டேங்குது."

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "யார் தூக்கினாலும் அழறா. நான் தூக்கினா இன்னும் ஜாஸ்தி அழறா."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒயரைச் செருகி, ஒலிபெருக்கியைப் போட்டு, இருப்பதிலேயே தடித்த தந்தியைச் சுண்டினேன்.

கும்ம்ம்.

ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அந்தக் குட்டி உடம்புக்குள் ஒரு யானையே படுத்திருக்கிறது என்று வழக்கமாக நான் அடிக்கும் வசனத்துக்கு வாயைத் திறந்தேன்.

குழந்தை வீறிட்டது.

"ஒயரைக் கழட்டிடுங்க," என்றாள்.

"ஒயர் இல்லாம வாசிச்சா பக்கத்துல நிக்கறவனுக்கே கேக்காதும்மா."

"பரவால்லைங்க, குடுங்க."

கருவியை வாங்கி, அதன் முதுகைக் குழந்தையின் முதுகோடு ஒட்டி அணைத்துக்கொண்டாள். அப்படி யாரும் பிடிப்பதில்லை. கட்டைவிரலால் தடித்த தந்தியை இழுத்து விட்டாள்.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

மறுபடியும் இழுத்து விட்டாள். மறுபடியும். நிதானமாக, நடந்து வருகிற மாதிரி.

அழுகை நின்றது.

தேய்ந்து தேய்ந்து அல்ல. கத்தரித்தாற்போல.

கிடார்கள் அடங்கின. கணவர் பால் புட்டியை அந்தரத்தில் பிடித்தபடி, மூச்சுவிடவும் பயந்து நின்றார். குழந்தையின் மூடிய கை, விரல் விரலாகப் பிரிந்தது. உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது அது. சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்தவர் காலடி கேட்டால் நாம் எப்படிப் பேச்சை நிறுத்துவோமோ அப்படி.

இதை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்காக வாசிக்கிற கருவி என்றுதான் நினைத்திருந்தேன். காதையே தொடாமல், மரத்திலிருந்து எலும்புக்கு ஒரு சுரம் இப்படிப் போய்ச் சேரும் என்று யார் கண்டார்கள்? 

"வயித்துல இருக்கறப்ப நிறைய வாசிச்சீங்களாம்மா?" கோயில் கருவறைக்கு முன் நிற்பவனைப் போல மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க." விரலை நிறுத்தாமல் சொன்னாள். "எங்க அக்காதான் பெரிய பேஸ் வாசிப்பா. கடைசி வாரம் வரைக்கும் அதை வயித்துல சாய்ச்சுக்கிட்டுதான் வாசிச்சா."

புரியாமல் கணவரைப் பார்த்தேன்.

"எங்களுக்காக இவளைச் சுமந்தது அவங்கதான் சார்," என்றார். "பெத்துக் கையில குடுத்துட்டுப் போனவங்க, இன்னும் வீட்டுப் பக்கமே வரலை. தன் குரலைக் கேட்டா பாப்பா தன்னைத் தேடிடுவாளாம். இதை வாங்கிக்கச் சொன்னதே அவங்கதான்."

குழந்தை கண்ணைத் திறந்தது.

அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரி யாரென்று தேடுவதுபோல் அண்ணாந்தது. மேலே இருந்தது ஒரே ஒரு முகம்.

அதை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.