கலைவள்ளலுக்குப் பொன்னாடை

எழுபத்தெட்டில் டில்லிக்குத் தமிழ்ப் படம் என் மூலமாகத்தான் வரும். ஞாயிறு காலைகளில் கரோல் பாக் தமிழர்களுக்கு இலவசமாகவே காட்டினேன். நோட்டீஸில் ‘கலைவள்ளல்’ என்று போட்டுக்கொண்டதும் நானேதான்.

கூட்டம் அலைமோதும். காலை ஒன்பது மணிக்கே பெண்கள் பட்டுப்புடவையில் வருவார்கள். கலைக்குச் செய்யும் மரியாதை என்று பூரித்துப்போவேன்.

ஒருமுறை ஆபரேட்டர் ரகு ரீலை மாற்றிப் போட்டு, இடைவேளைக்கு முன்பே கிளைமாக்ஸ் ஓடிவிட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. என் ரசனைமீது அவ்வளவு நம்பிக்கை! ரகுவைப் பெரிய மனதோடு மன்னித்தேன்.

“சார், இன்டர்வெல்லை மட்டும் அரைமணி ஆக்கிடுங்கோ” என்றார் சங்கச் செயலாளர் சேஷகிரி.

“காபிக்கா?”

“அச்சா, அப்படியே வெச்சுக்கோங்கோ.”

ஆண்டுவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உலக சினிமா பற்றி நாலு பக்க உரையோடு காத்திருந்தேன். சேஷகிரி மைக்கைப் பிடித்தார்.

“இவர் புண்ணியத்துல, இன்டர்வெல்லிலேயே பொண்ணு பார்த்து இருபத்தோரு கல்யாணம் நிச்சயமாயிருக்கு!”

கைதட்டல் ஓயவில்லை. உரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பொருமினேன். “படத்தை யாருமே பார்க்கலையாடி?”

“நம்ம பொண்ணு வத்ஸலாவும் பார்க்கலை. இருபத்திரண்டாவது அவதான்.”

“மாப்பிள்ளை யாரு?”

“அன்னிக்கு அவளையே பார்த்துண்டு ரீலை மாத்திப் போட்டானே, அவன்தான்.”