ஐந்தாம் வரிசை

மாநகராட்சி மின் மயானத்தின் கூரையில் நாற்பது சோலார் பேனல்கள் இருந்தன. புகைபோக்கியிலிருந்து இறங்கும் கரி அவற்றின் மேல் படியும். தினமும் காலையில் ஏணியேறி அதைக் கழுவிவிடுவது பூங்காவனத்தின் வேலை. அது யாருடைய கரி என்று ஒருநாளும் அவள் யோசித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அவளுடைய தம்பி ஏகாம்பரத்தை அங்கேதான் எரித்தார்கள். மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டாள்.

“ரெண்டு நாள் லீவு போட்டிருக்கலாமேம்மா,” என்றார் கீழே மீட்டர் பார்க்கும் சபாபதி.

“வூட்ல குந்திக்கினு இன்னா சார் பண்ணப்போறேன்?”

ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். நான்கு வரிசைகளைக் கழுவி முடித்தாள். ஐந்தாம் வரிசை புகைபோக்கியை ஒட்டி இருந்தது. கண்ணாடி மேல் மெல்லியதாகச் சாம்பல் பூத்திருந்தது. ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் ஏறியதும் கீழேயிருந்து சபாபதியின் குரல் கேட்டது. “அஞ்சாவது வரிசையில கரண்டு கம்மியா காட்டுதே, என்னம்மா ஆச்சு?”

“மேகம் மறைக்குது சார்.”

சபாபதி முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

“சரிம்மா,” என்றார். “விலகினதும் சொல்லு.”