கழன்ற எர்த் வயர்

வண்டி எஞ்சினின் எர்த் வயரைக் கழற்றும்போதே ராய்ஸ் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். ஷெட்டு வாசலில் வெர்லின் நின்றிருந்தார்.

"அடப்பாவி, நீயா? எஞ்சின் ஏன் ஸ்டார்ட் ஆகலைன்னு நான் மண்டையைப் பிச்சுக்கிறேன். நீ பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சியேடா."

பழைய பிக்கப்புக்கு, நொறுங்கிய வேன் ஒன்றின் எஞ்சினைப் பொருத்துவதற்காக, முடியைக்கூட மனைவியிடமே வெட்டிக்கொண்டு பென்ஷனில் மிச்சம் பிடித்தவர் வெர்லின்.

"என்னைத் திட்டாதே. உன் பொண்டாட்டியைக் கேளு."

சத்தம் கேட்டு லோரீன் வந்தாள். "நான்தான் கழட்டச் சொன்னேன்."

"கட்டினவளும் கூட்டாளியும் சேர்ந்தா முதுகுல குத்துறீங்க?" வெர்லினின் குரல் உடைந்தது.

"இதுக்கு முன்னாடி மூணு வண்டி. ஒவ்வொண்ணும் ஓட ஆரம்பிச்ச வாரமே வித்துட்டு, அதைவிட ஓட்டை வண்டியா பார்த்துத் தூக்கிட்டு வந்தே. பென்ஷன் பூரா அதுலயே போச்சு. இது ஓடாத வரைக்கும்தான் நம்ம வீட்டுல அடுப்பு எரியும்."

"இதுதான் கடைசின்னு பைபிள் மேல சத்தியம் பண்ணேனே, லோரீன். அதைக்கூடவா நம்பலை?"

லோரீனின் கண்கள் கலங்கின. அவசரப்பட்டுவிட்டோமோ என்று ராய்ஸைப் பார்த்தாள்.

வெளியே ஹார்ன் ஒலித்தது. இழுவை லாரி ஒன்று வந்து நின்றது. அதன் முதுகில் துருப்பிடித்த பிக்கப் ஒன்று.

"வெர்லின் யாருங்க?" டிரைவர் தலையை நீட்டினார். "டல்சாவுல நீங்க வாங்கின வண்டி. எங்க இறக்கட்டும்?"

லோரீன் மெல்லத் திரும்பினாள்.

வெர்லின் தொண்டையைச் செருமினார். "அது வந்து... ஷெட்டுல நிக்கிறது இனிமே ஓடவே ஓடாதுன்னு நினைச்சுத்தான் வாங்கினேன்."